அண்ணாச்சி கடை சைட்டை 10.8 எம்பியிலிருந்து 295 கேபிக்கு இறக்கிய விதம்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் கிடக்கிறது. 2 ஜிபி ராம். கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். பாளையங்கோட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் 1,500 ரூபாய்க்கு வாங்கியது. நான் செய்யும் எந்த இணையதளமும் இந்தப் போனில் திறந்து, பொருளின் விலையைப் படிக்க முடிந்தால்தான் வாடிக்கையாளர் கைக்குப் போகும்.

அதை வாங்க வைத்தவர் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். அவர் கடைக்கு சைட் செய்துகொடுத்தது நான்தான். முகப்பில் பதநீர் கொதிக்கும் வீடியோ, ஐந்து படம் மாறி மாறி வரும் ஸ்லைடர், நாலு தடிமனில் எழுத்துரு, ஓரத்தில் எட்டிப் பார்க்கும் சாட் பொத்தான் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. என் லேப்டாப்பில், வீட்டு ஃபைபர் இணைப்பில், பளிச்சென்று வந்தது. ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன்.

"எம்மா, நம்ம சைட்டத் தொறந்தா வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. அதுக்குள்ள வாங்க வந்த ஆளு அடுத்த கடைக்குப் போயிருவாம்லா?"

நேரில் போய் அவர் போனிலேயே திறந்து பார்த்தேன். வட்டம் சுற்றியது. ஒரு நிமிடத்தில் போன் கையில் வெதுவெதுவென்று சுட ஆரம்பித்தது. அந்தச் சூடு மின்சாரம். அவர் கடைக்குப் போகிற வழியில் பனைகளுக்கு மேலே தெரிவது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. பஸ்ஸில் திரும்பி வரும்போது போனின் சூட்டையும் அந்தப் புகைபோக்கியையும் சேர்த்து யோசித்தேன். அதற்குப் பிறகு அந்த சைட்டில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் வேர்ட்பிரஸ் வைத்திருந்தாலும் கையால் எழுதிய சைட் வைத்திருந்தாலும் பொருந்தும்.

முதலில் அளவை ஊதாமல் சொல்லிவிடுகிறேன். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2024-இல் உலகின் டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரம் எடுத்தன. உலக மின்சாரத்தில் அது ஏறக்குறைய 1.5 சதவீதம். அதில் ஒரு கருப்பட்டிக் கடை சைட் எவ்வளவு? ஒரு பக்கம் திறக்க எத்தனை கிராம் கார்பன் என்று சொல்லும் கால்குலேட்டர்கள் பல இருக்கின்றன. பெரும்பாலானவை 'சஸ்டெய்னபிள் வெப் டிசைன்' மாதிரியைப் பின்பற்றுபவை. அந்த மாதிரியின் மூன்றாம் பதிப்பு ஒரு ஜிபிக்கு 0.81 யூனிட் என்று எடுத்துக்கொண்டது. 2024-இல் வந்த நான்காம் பதிப்பில் அது 0.3 யூனிட் அளவுக்கு இறங்கிவிட்டது. அண்ணாச்சியின் 10.8 எம்பி முகப்புப் பக்கம் பழைய கணக்கில் 4 கிராம், புதிய கணக்கில் 1.6 கிராம். பக்கம் மாறவில்லை, சூத்திரம்தான் மாறியது. அதனால் நான் கிராமை நம்பி வேலை செய்வதில்லை. கேபி கண்ணால் பார்க்கக்கூடியது. அதைக் குறைப்பேன், கிராம் தானாகக் குறையட்டும்.

புதிய கணக்கையே வைத்தாலும், மாதம் 6,000 தடவை திறக்கப்படும் அந்தப் பக்கம் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வெளிவிட்டிருக்கும். நாலு லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி. பெரிய தொகை இல்லை. அவர் சென்னைக்கு அனுப்பும் பார்சல் லாரி இதை ஒரே நாளில் தாண்டிவிடும். ஆனால் இந்தக் கணக்கில் சரியாகத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுள் முழுக்க உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. தயாரிப்பாளர்களின் அறிக்கைகளே அப்படித்தான் சொல்கின்றன. நன்றாக ஓடுகிற போனை "ஸ்லோவாயிருச்சு" என்று சொல்லித் தூக்கிப் போட வைப்பது நாம் ஏற்றும் ஜாவாஸ்கிரிப்ட். பழைய போனில் சுகமாகத் திறக்கும் சைட்டால் அந்தப் போன் இன்னும் இரண்டு வருடம் ஓடினால், நாம் மிச்சம் பிடித்ததில் பெரிய பங்கு அதுதான். இழுப்பறையில் அந்தப் போன் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அளப்பது எளிது. குரோமில் புது மறைநிலை ஜன்னல் திறந்து, எஃப் 12 அழுத்தி, நெட்வொர்க் டேபுக்குப் போய், 'டிசேபிள் கேஷ்' டிக் செய்து (கேஷ் என்பது முன்பு இறக்கியதை உலாவி சேமித்து வைக்கும் இடம்), பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அடிவரை உருட்டுங்கள். உருட்டாவிட்டால் பாதிப் படங்கள் கணக்கில் வராது. கீழே 'டிரான்ஸ்ஃபர்ட்' என்று வரும் எண்தான் உங்கள் எடை. பிறகு அளவு வாரியாக அடுக்கி ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் வந்தது: படங்கள் 6.1 எம்பி, வீடியோ 2.2, ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் 1.1, வெளியாரிடமிருந்து வந்தவை 0.9, எழுத்துரு 0.5. விலை கேட்டு வந்தவர் படிக்க வேண்டிய எழுத்து இருந்த எச்டிஎம்எல் மட்டும் 12 கேபி.

எங்கே கனமோ அங்கே முதலில் கை வையுங்கள். எனக்கு அது படங்கள்.

அண்ணாச்சி மருமகன் போனில் எடுத்த படங்கள் 4000-க்கு 3000 பிக்சல். அதை 360 பிக்சல் அகலத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். போன் திரைகள் ஒரு பிக்சல் இடத்தில் இரண்டு மூன்றை அடக்குபவை என்றாலும், 800 பிக்சல் அகலம் போதும். பெரிய திரைக்கு 1600-இல் இன்னொன்று. எச்டிஎம்எல்லில் படத்துக்கான 'எஸ்ஆர்சிசெட்' (srcset) பண்பில் இரண்டையும் கொடுத்தால் உலாவி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கூடவே, படம் திரையில் எவ்வளவு அகலம் என்று சொல்லும் 'சைஸஸ்' (sizes) எழுத மறக்காதீர்கள். அது இல்லையென்றால் படம் திரை முழுக்க விரியப் போகிறது என்று உலாவி நினைத்துக்கொண்டு பெரியதையே இறக்கும். எத்தனையோ சைட்டில் இந்த ஒரு வரி இல்லாமல்தான் மொத்த வேலையும் வீணாகிக் கிடக்கிறது.

அடுத்து வடிவம். ஜேபெக் படத்தை வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினால் சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும் என்பது கூகுளின் கணக்கு. ஏவிஃப் (AVIF) என்ற இன்னொரு வடிவம் பெரும்பாலும் இன்னும் சிறியது. வேர்ட்பிரஸ் 5.8-லிருந்து வெப்பியையும் 6.5-லிருந்து ஏவிஃபையும் நேரடியாக ஏற்கிறது. கையால் செய்வதென்றால் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே ஓடும். இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதியது, நடுவில் ஒரு கோடு, அதை இழுத்து இழுத்து ஒப்பிடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. தரத்தைக் குறைத்துக்கொண்டே போகும்போது ஏவிஃப் முதலில் தின்பது நுண்ணிய சொரசொரப்பை. கருப்பட்டிக்கு அழகே அந்தச் சொரசொரப்புதான். தரம் 35-இல் வைத்த படத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்: "இது என்ன, சாக்லேட்டா?" 52-க்கு ஏற்றினேன். ஒவ்வொரு பொருளுக்கும் கண்ணால் பார்த்துத்தான் எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒரு விஷயம், எடை கேமராவிலேயே தொடங்கிவிடுகிறது. சுக்குக் கருப்பட்டியை ஓலைப்பாய் மேல் வைத்து எடுத்த படம் 61 கேபி வந்தது. அதே கருப்பட்டி, அதே வெளிச்சம், கீழே வெள்ளை வேட்டி விரித்து எடுத்தால் 24 கேபி. பாயின் ஒவ்வொரு பின்னலையும் கோப்பு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேட்டியில் நினைவில் வைக்க ஒன்றும் இல்லை. பாய் அழகுதான். முகப்பில் ஒரே ஒரு படத்துக்குப் பாயை வைத்துக்கொண்டு, மற்ற ஆறையும் வேட்டியில் எடுத்தோம்.

திரையில் முதலில் தெரியாத படங்களுக்கு 'லோடிங்' பண்பில் 'லேசி' என்று போடுங்கள். 2019-லிருந்து குரோமில் இது உள்ளேயே இருக்கிறது, தனி ஸ்கிரிப்ட் வேண்டாம். முதல் படத்துக்கு மட்டும் போடாதீர்கள், அது தாமதமாகிவிடும். அகலமும் உயரமும் எழுதிவிட்டால் படிக்கும்போது பக்கம் குதிக்காது.

ஸ்லைடரை எடுத்துவிட்டேன். மூன்றாவது படம் வரை காத்திருந்து பார்க்கும் வாடிக்கையாளரை இதுவரை நான் சந்தித்ததில்லை. வீடியோவுக்குத்தான் சண்டை. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அது நுரைத்துப் பொங்கும் காட்சி அண்ணாச்சிக்கு உயிர். கடைசியில் அதை 'எப்படிச் செய்கிறோம்' என்ற பக்கத்துக்கு நகர்த்தி, தானாக ஓடாமல், தொட்டால் மட்டும் இறங்கும்படி 'ப்ரீலோட் நன்' வைத்தேன். பார்க்க விரும்புகிறவர் பார்க்கட்டும். விலை கேட்டு வந்தவர் ஏன் அதற்கு டேட்டா கொடுக்க வேண்டும்?

இனி நம் எழுத்து. தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'அம்மா' என்று எழுத 15 பைட். ஆங்கிலத்தைவிட மூன்று மடங்காயிற்றே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. 2,000 சொல் கட்டுரை சுமார் 50 கேபி வரும்தான். ஆனால் சர்வரில் ப்ராட்லியோ ஜிசிப்போ, அதாவது எழுத்தைச் சுருக்கி அனுப்பும் முறை ஒன்றை, போட்டுவிட்டால் அதில் சிறு பங்குதான் கம்பியில் போகும். ஒரு சுமாரான படத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. உண்மையான வீண் வேறிடத்தில் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்தில் 'எழுத்து உடைந்துவிடும்' என்று பயந்து அறிவிப்பைப் படமாக ஒட்டினோமே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. நூறு சொல் அறிவிப்புக்கு அரை எம்பி போஸ்டர். தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் போன் அதை வாசிக்காது, பெரிதாக்கினால் மங்கும். தட்டச்சு செய்து போடுங்கள்.

எழுத்துருவில் மிச்சம் பிடிக்கும் சுலபமான வழி, எதையும் அனுப்பாமல் இருப்பது. விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கிறது, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ. அவற்றைப் பெயர் சொல்லி வரிசையாக எழுதிவிட்டால் பத்தி எழுத்துக்கு 0 கேபி. தலைப்புக்கு மட்டும் கடைப் பெயர்ப் பலகை சாயலில் ஒரு எழுத்துரு வேண்டும் என்றார் அண்ணாச்சி. சரி, ஒன்று, ஒரே தடிமன், இணையத்துக்கென்று சுருக்கிய ஊஃப்2 (WOFF2) வடிவத்தில்.

அதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். அந்த எழுத்துருவில் லத்தீன், கிரேக்கம், சிரிலிக் என்று நமக்கு வேண்டாதது நிறைய. தமிழை மட்டும் வெட்டி எடுக்க ஏதோ ஒரு இலவச ஆன்லைன் கருவியில் போட்டேன். 19 கேபிக்கு வந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். ராத்திரியே ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலை ஆறரைக்கு அண்ணாச்சி.

"எம்மா, நம்ம கருப்பட்டில 'ரு'வோட கால் கழண்டு தனியாக் கெடக்கு. 'டி' மேல கொக்கியக் காணும், பக்கத்துல கெடக்கு. பாத்தா பல்லு விழுந்த மாதிரி இருக்கு."

நடந்தது இது. ர-வும் உகரக் குறியும் சேர்ந்தால் 'ரு' என்ற ஒரே வடிவம் வர வேண்டும் என்ற விதி எழுத்துருவுக்குள் ஒரு அட்டவணையில் இருக்கிறது. ஜிசப் என்பார்கள். ஆங்கிலத்துக்கு அது இல்லாமலும் ஓடிவிடும் என்பதால் அந்தக் கருவி அதை வெட்டி எறிந்திருக்கிறது. தமிழுக்கு அது போனால் கு, ரு, டி, ஸ்ரீ எல்லாம் சிதறிவிடும். பிறகு ஃபான்ட்டூல்ஸ் தொகுப்பில் உள்ள சப்செட் கருவியால் வெட்டினேன். அது இந்திய மொழிகளுக்கான விதிகளை இயல்பாகவே வைத்துக்கொள்கிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதியோடு எண்கள், நிறுத்தக்குறிகள், ரூபாய்க் குறி, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் இரண்டு ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ரூபாய்க் குறியை விட்டால் விலைக்கு முன்னால் அது மட்டும் வேறு முகத்தோடு நிற்கும். கடைசியில் 38 கேபி. 19 இல்லை, ஆனாலும் கருப்பட்டி கருப்பட்டியாக இருக்கிறது. வெட்டிய எழுத்துருவைச் சோதிக்க ஒரு வரி வைத்திருக்கிறேன்: ஸ்ரீ க்ஷ கு கூ ரு டி டீ மு நூ து லு ஞௌ. இது ஒழுங்காக வந்தால்தான் ஏற்றுவேன்.

எழுத்துருவை வெளி சிடிஎன்னிலிருந்து (பல சைட்டுக்கும் பொதுவாகக் கோப்பு தரும் சர்வர்) எடுத்தால் மற்ற சைட்டில் ஏற்கெனவே இறங்கியது நமக்கும் உதவும் என்ற நம்பிக்கை பழையது. 2020-இல் குரோம் 86 வந்ததிலிருந்து ஒவ்வொரு சைட்டின் கேஷும் தனித்தனிதான். உங்கள் சர்வரிலேயே வைத்து, ஒரு வருடம் வரை கேஷ் செய்யச் சொல்லிவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் என் பாவக்கணக்கு நீளம்: 23 பிளகின், அதாவது வேர்ட்பிரஸில் ஒட்டவைக்கும் கூடுதல் நிரல்கள். ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, என்ன உடைகிறது என்று பார்த்தேன். ஒன்பதை அணைத்தும் எதுவும் உடையவில்லை. குரோமின் 'கவரேஜ்' டேப் இறங்கிய கோடில் எவ்வளவு பயன்படவில்லை என்று சிவப்பாகக் காட்டும். என் பக்கம் கிட்டத்தட்ட முழுச் சிவப்பு. கேள்வி-பதில் விரிந்து மூட எச்டிஎம்எல்லிலேயே 'டீடெய்ல்ஸ்' இருக்கிறது. பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் வரிசைக்கு சிஎஸ்எஸ்ஸின் 'ஸ்க்ரோல் ஸ்னாப்' போதும். சாட் பொத்தானுக்குப் பதிலாக வெறும் வாட்ஸாப் இணைப்பு. அண்ணாச்சி எப்படியும் வாட்ஸாப்பில்தான் பதில் சொல்வார். வரைபடச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, தொட்டால் போனின் மேப் ஆப்பில் திறக்கும் இணைப்பு வைத்தேன். யூடியூப் வீடியோ பதிப்பவர்கள் கவனிக்க: யாரும் ப்ளே அழுத்தும் முன்பே அது அரை எம்பிக்கு மேல் இறக்கிவிடும். படத்தை மட்டும் காட்டி, தொட்டபின் வீடியோவை அழையுங்கள்.

சின்னக் கோடுதானே என்று தோன்றினால் ஒரு கணக்கு. நெதர்லாந்தைச் சேர்ந்த டேனி வான் கூட்டன் 2020-இல் தன் வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்றிலிருந்து 20 கேபி ஸ்கிரிப்டை நீக்கினார். அது ஓடியது இருபது லட்சம் தளங்களில். மாதத்துக்கு 59,000 கிலோ கார்பன் மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டார். இன்றைய சூத்திரத்தில் அந்த எண் குறையும். ஆனால் தீமும் பிளகினும் எழுதுகிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கோடு. உண்மையில் அதிகம் மிச்சம் பிடித்தது வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு. கடைக்கு வருகிறவர் கேட்பது மூன்று: என்ன விலை, எத்தனை கிலோ, எப்போது வரும். பழைய சைட்டில் இதைத் தெரிந்துகொள்ள நாலு பக்கம் போய், கடைசியில் ஸ்கேன் செய்த விலைப்பட்டியல் பிடிஎஃப் ஒன்றை இறக்க வேண்டும், அது 3.4 எம்பி. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து, சாதா அட்டவணையாக முகப்பிலேயே வைத்தேன். 2 கேபி. போன் நம்பர் அதற்கு மேலே. இப்போது பலர் இரண்டாவது பக்கத்துக்கே போவதில்லை. பக்கப் பார்வை குறைந்துவிட்டதே என்று வருத்தப்படும் வாடிக்கையாளர்களும் உண்டு. அண்ணாச்சி ஆர்டரை எண்ணுகிறவர், பார்வையை எண்ணுகிறவர் அல்ல.

கறுப்புப் பின்னணி வைத்தால் மிச்சமாகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கறுப்பு இடத்தில் ஒளியே விடாத ஓஎல்இடி திரையில் மட்டும், அதுவும் வெளிச்சத்தைப் பொறுத்து. பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்தபோது முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமானது; நாம் வழக்கமாக வைக்கும் 30–50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். கூடவே கொடுங்கள், முதல் வேலையாக அல்ல.

சர்வர் பக்கம் இரண்டே விஷயம். ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைக் கிளறிப் பக்கம் தயாரிக்க வேண்டாம்; கருப்பட்டி விலை வாரத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது. ஒருமுறை தயாரித்து வைத்த எச்டிஎம்எல்லையே கொடுக்கலாம். வேர்ட்பிரஸ்காரர்களுக்கு ஒரு பேஜ் கேஷ் பிளகின் போதும், நான் பக்கங்களை முன்கூட்டியே எச்டிஎம்எல்லாகத் தயாரித்துவிடும் ஹ்யூகோ என்ற கருவிக்கு மாற்றிவிட்டேன். இரண்டாவது, வருகைகளைப் பதியும் சர்வரின் ஆக்சஸ் லாகை ஒருநாள் உட்கார்ந்து படியுங்கள். வந்து போவதில் எவ்வளவு மனிதர், எவ்வளவு பாட் (தானாக வந்து பக்கங்களை வாரும் நிரல்) என்று பார்த்தால் திகைப்பீர்கள். தேடுபொறிகளை விட்டுவிட்டு மற்ற பாட்களை, அவற்றுக்கு அனுமதி சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) மறுத்தேன். மதிக்காதவற்றை ஃபயர்வாலில் தடுத்தேன்.

பசுமை ஹோஸ்டிங் பற்றி: உங்கள் ஹோஸ்ட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு ஆதாரம் காட்டியிருக்கிறதா என்று கிரீன் வெப் ஃபவுண்டேஷனின் தளத்தில் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் படிப்பவரின் போன் சார்ஜ் ஏறுவது நம் ஊர் மின்சாரத்தில். நாட்டின் சராசரியில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன். ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் ஆடி மாதத்தில் என்னதான் சுற்றினாலும் போன் பக்கத்துப் பங்கு ஹோஸ்டை மாற்றினால் மாறாது. எடை குறைந்தால் மாறும்.

முடிவில் தாள் இப்படி ஆனது: எச்டிஎம்எல் 14, சிஎஸ்எஸ் 9, முகப்புப் படம் 80, ஆறு பொருள் படங்கள் 150, எழுத்துரு 38, ஜாவாஸ்கிரிப்ட் 4. மொத்தம் 295 கேபி. இழுப்பறைப் போனில் விலைப்பட்டியல் இரண்டு விநாடிக்குள் வந்துவிடுகிறது.

இறக்கிய எடை தானாக ஏறும். தீபாவளிக்கு மருமகன் 1.8 எம்பியில் ஒரு பேனர் ஏற்றினார். நான் கவனித்தது பொங்கலுக்கு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஏற்ற விட்டது நான். இப்போது ஏற்றும் படம் எதுவாக இருந்தாலும் சர்வரே 1600 பிக்சலுக்குச் சுருக்கி ஏவிஃப் ஆக்கிவிடும். கொட்டேஷன் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: முகப்புப் பக்கம் முதல் திறப்பில் 300 கேபிக்குள். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் எதை எடுக்கலாம் என்று பேசுவோம். இப்படி எழுதி வைத்தபின் பேச்சு சுலபமாகிவிட்டது.

மாதம் பிறந்தால் முதல் நாள் பத்து நிமிடம் ஒதுக்கி மறுபடி அளக்கிறேன். இந்த மாதம் 312 காட்டியது. அந்த 17 கேபி எங்கிருந்து வந்தது என்று இன்று சாயங்காலம் பார்க்க வேண்டும்.